வாசலிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டு எத்தனை அடி?

நான் படித்த கல்லூரியில் சைக்கிள் ஸ்டாண்டு கேண்டீனுக்குப் பின்புறம் இருந்தது. அங்கிருந்து நூலக வாசலுக்கு நடந்துவர ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் நடப்பதற்காகவா ஒருவன் சைக்கிள் வாங்குகிறான்? எல்லோரும் நூலகப் படிக்கட்டை ஒட்டிய வேப்பமரத்தடியில் வண்டியைச் சாத்திவிட்டு உள்ளே போவோம். பத்து மணிவாக்கில் வாட்ச்மேன் அண்ணன் ஒரு சுற்று வந்து எல்லா வண்டியிலும் காற்றைப் பிடுங்கிவிட்டுப் போவார். மதியம் தட்டையான டயர்களைத் தள்ளிக்கொண்டு வெளியே இருந்த கடைக்கு ஊர்வலம் போவோம். ஸ்டாண்டில்தான் நிறுத்த வேண்டும் என்ற விதிமுறையால் பிழைத்தவர் காற்றடிக்கும் கடைக்காரர் ஒருவர்தான். ஒருநாள் மாலை வரிசையின் கடைசி வண்டி சரிந்து பக்கத்து வண்டியைத் தள்ள, இருபது சைக்கிள் மளமளவென்று விழுந்தது. படியிறங்கிக்கொண்டிருந்த ஆசிரியை ஒருவரின் கணுக்காலில் ஹேண்டில்பார் இறங்கியது. மறுநாள் மரத்தைச் சுற்றிச் சங்கிலி கட்டினார்கள். நாங்கள் படிக்கட்டின் மறுபக்கம் சாத்தத் தொடங்கினோம்.

பல ஆண்டுகள் கழித்து அங்கே போயிருந்தபோது நூலக வாசலை ஒட்டியே வளைத்த இரும்புக் குழாய்கள் நட்டிருந்தார்கள். வண்டிகள் ஒழுங்காக நின்றன. வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

வளாகத்தில் சைக்கிளும் மின்ஸ்கூட்டரும் ஓட்டுவது பற்றிய சுற்றறிக்கைகள் பெரும்பாலும் ஓட்டுபவரைப் பார்த்தே பேசுகின்றன. ஹெல்மெட் போடு, மெதுவாகப் போ, செல்போனைப் பையில் வை. எல்லாம் சரிதான். ஆனால் வெவ்வேறு நாட்டு வளாகங்களில் கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்தவற்றைப் படிக்கப் படிக்க, ஓட்டுபவரின் குணத்தைவிடப் பாதையும் நிறுத்துமிடமும் எப்படி வகுக்கப்பட்டன என்பதே பெரிதாகத் தெரிகிறது. அதிலும் நிறுத்துமிடத்தைப் பற்றிப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை. ஓடும் வண்டிதான் ஆபத்து, நிற்கும் வண்டி சாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்போம். சென்னை ஐஐடி 1959இல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் எழுந்தது. ஏறத்தாழ 250 ஹெக்டேர். சர்தார் பட்டேல் சாலை வாசலிலிருந்து நதிகளின் பெயர் தாங்கிய விடுதிகளுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். விடுதி மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வளாகப் பேருந்து, இல்லையென்றால் சைக்கிள். அந்த ஒரே தடை அங்குள்ள சாலைகளின் குணத்தையே மாற்றிவிட்டது. வேளச்சேரி சாலையில் சைக்கிள்காரர் ஓரத்தில் ஒதுங்கி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார். சுவருக்கு இந்தப்புறம் அவரே பெரும்பான்மை. யார் பெரும்பான்மையோ அவர் வேகம்தான் சாலையின் வேகம்.

அதற்காக அங்கே விபத்துக்கான சூழல் இல்லை என்று சொல்ல முடியாது. ஆலமர வேர் தாரைப் பிளந்துகொண்டு மேலே வரும். அந்தி சாய்ந்தால் புள்ளிமான் கூட்டம் சாலை ஓரத்தில் நிற்கும். ஒன்று கடந்தால் பின்னாலேயே இன்னொன்று கடக்கும் என்பது முதலாண்டு மாணவருக்குத் தெரியாது. முன்கூடையில் வைத்த தின்பண்டப் பொட்டலத்துக்காகக் குரங்கு குதிக்கும். மின்விளக்கு மரக்கிளைகளுக்குள் மறைந்திருக்கும். இதற்கெல்லாம் வண்டியில் ஒரு விளக்கு இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பழைய கறுப்பு சைக்கிளில் டைனமோ இருந்தது. விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார், டபுள்ஸ் போனாலும் நிறுத்துவார், வரி கட்டியதற்கான நகராட்சி வில்லை இல்லையென்றாலும் நிறுத்துவார். அப்பா தலைமுறை அந்த மூன்று பயத்தோடும் ஓட்டியது. இன்று பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் கியர் சைக்கிள்கள் பல விளக்கும் மணியும் மட்கார்டும் இல்லாமலே கடையிலிருந்து வருகின்றன. எல்லாம் தனியாக வாங்க வேண்டும். மாணவர் வாங்குவதில்லை.

சைக்கிள் வளாகம் என்றால் உலகம் முழுக்க முதலில் சொல்லும் பெயர் கலிபோர்னியாவின் டேவிஸ். அங்குள்ள பல்கலைக்கழகம் 1959இல் எல்லாத் துறைகளுக்குமான வளாகமாக விரிந்தபோது துணைவேந்தர் நிலையில் இருந்தவர் எமில் மிராக். மாணவர்கள் சைக்கிளோடு வரட்டும் என்று அவர் முடிவு செய்து, வளாகத்தின் நடுப்பகுதியைக் கார்களுக்கு மூடும் வகையில் திட்டமிட்டார். ஊருக்குள்ளும் அதே காற்று வீசியது. பொருளாதாரப் பேராசிரியர் ஃபிராங்க் சைல்டும் அவர் மனைவி ஈவும் நெதர்லாந்தில் சில காலம் வாழ்ந்து திரும்பியவர்கள். சைக்கிளுக்குச் சாலையில் தனிக் கோடு வேண்டும் என்று கேட்டு ஊரைத் திரட்டினார்கள். 1966 நகர்மன்றத் தேர்தலில் அதுவே பேச்சானது. 1967இல் கோடு போடப்பட்டது. அமெரிக்காவில் அதுதான் முதல்.

டேவிஸில் நான் மிகவும் மதிப்பது கோட்டை அல்ல, வட்டத்தை. வகுப்பு முடியும் மணிக்குப் பல ஆயிரம் சைக்கிள்கள் ஒரே நேரத்தில் புறப்படும். நாற்சந்தியில் யார் முதலில் போவது என்ற சண்டை. சிக்னல் வைத்தால் நிற்க மாட்டார்கள். போலீஸ் வைத்தால் எத்தனை சந்திக்கு வைப்பது? சந்தியின் நடுவில் ஒரு வட்டத் திட்டை வைத்தார்கள். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை, நுழைபவர் காத்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவதால் நேருக்கு நேர் மோத வழியில்லை, உரசினாலும் பக்கவாட்டில்தான். நிற்கத் தேவையில்லை, வேகம் தானாகக் குறையும். ஆனாலும் கல்வியாண்டின் முதல் வாரத்தில் புதியவர்கள் அந்த வட்டங்களில் விழுந்து எழுவது அங்கே பெயர்பெற்ற காட்சி. வேடிக்கை பார்க்கப் பழைய மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்களாம். சிரிப்புக்குரியதுதான், ஆனால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. ஆபத்து ஆண்டு முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. புதியவரின் முதல் சில நாட்களில் குவிந்திருக்கிறது. நம் கல்லூரிகளில் முதலாண்டு மாணவருக்கு ராகிங் பற்றி ஒரு மணிநேரம் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். அந்த வாரத்திலேயே வளாகச் சாலையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டலாம்.

புதியவருக்கே ஆபத்து அதிகம் என்பதற்கு எண்ணிக்கையும் இருக்கிறது. அதற்கு மின்ஸ்கூட்டர் கதைக்குப் போக வேண்டும்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நமக்கு மின்ஸ்கூட்டர் என்றால் ஓசூரில் தயாராகும் ஏத்தர், டிவிஎஸ் ஐக்யூப், போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலா மாதிரி உட்கார்ந்து ஓட்டும் வண்டி. அமெரிக்க, ஐரோப்பிய வளாகங்களில் அந்தச் சொல் வேறொன்றைக் குறிக்கும்: பலகைமேல் நின்றுகொண்டு, செங்குத்தான கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் சிறு சக்கர வண்டி. குழந்தைகள் காலால் உந்தி விளையாடும் பொருளுக்கு மோட்டார் வைத்த மாதிரி. இரண்டின் ஆபத்தும் வேறு வேறு. அந்த நாட்டுச் சுற்றறிக்கையை அப்படியே பெயர்த்து நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யாருக்கும் புரியாது.

நின்று ஓட்டும் வண்டி 2017 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துச் சாண்டா மோனிகாவில் பேர்ட் என்ற நிறுவனத்தின் வாடகை வண்டியாகத் தெருவுக்கு வந்தது. செல்போனில் திறந்து, போன இடத்தில் விட்டுவிட்டுப் போகலாம். மாணவர்களுக்குச் சொல்லவா வேண்டும். அடுத்த ஓராண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தோடு இணைந்த இரண்டு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு ஸ்கூட்டரால் காயம்பட்டு வந்தவர்கள் 249 பேர். மருத்துவர்கள் அதை 2019 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்குத் தலையில் அடி. முப்பத்திரண்டு பேருக்கு எலும்பு முறிவு. ஹெல்மெட் அணிந்திருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதே 2019 ஜனவரி முதல் தேதியில்தான் கலிபோர்னியா, பதினெட்டு வயது நிரம்பியவர்கள் இந்த வண்டிக்கு ஹெல்மெட் போட வேண்டியதில்லை என்று சட்டத்தைத் தளர்த்தியது.

அந்த ஆய்வில் பத்திரிகைகள் தலைக்காயத்தைத்தான் பெரிதாகப் போட்டன. என் கண் போனது வேறு ஓர் இடத்துக்கு. காயமடைந்த 249 பேரில் 21 பேர் ஸ்கூட்டர் ஓட்டாதவர்கள். அவர்களில் பதினோரு பேர்மீது வண்டி மோதியது. மீதிப் பத்துப் பேரில் ஐந்து பேர் நிறுத்தி வைத்திருந்த வண்டியில் தடுக்கி விழுந்தவர்கள். ஐந்து பேர் ஓடாத வண்டியைத் தூக்கவோ நகர்த்தவோ போய் அடிபட்டவர்கள். ஓட்டாதவர்களின் காயத்தில் கிட்டத்தட்ட பாதிக்குக் காரணம் நின்றுகொண்டிருந்த வண்டி. நூலகப் படியில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்த ஆசிரியை எனக்கு நினைவுக்கு வந்தார்.

டெக்சாஸின் ஆஸ்டின் பெரிய பல்கலைக்கழகம் உள்ள ஊர். அங்கே 2018 இலையுதிர்காலத்தில் மூன்று மாதக் கணக்கெடுப்பை நகரச் சுகாதாரத் துறை மத்திய நோய்க்கட்டுப்பாட்டு மையத்தோடு சேர்ந்து செய்தது. ஒரு லட்சம் சவாரிக்கு இருபது பேர் காயம். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு அதுதான் முதல் சவாரி. பாதிப் பேர் சாலைக் குழி, விரிசல் போன்றவை தங்களை விழவைத்ததாகச் சொன்னார்கள். இதற்குக் காரணம் சக்கர அளவில் இருக்கிறது. சைக்கிள் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு மேல் இருக்கும். இரண்டு அங்குலத் திட்டு வந்தால் ஏறி இறங்கிவிடும். நின்று ஓட்டும் ஸ்கூட்டரின் அச்சு நான்கு அங்குல உயரம்தான். அதே இரண்டு அங்குலம் அதற்குச் சுவர். சக்கரம் நின்றுவிடும், மேலே நிற்பவர் நிற்காமல் முன்னால் போவார். கையை எடுத்துச் சைகை காட்டவும் முடியாது. ஒரு கையை விட்டாலே கைப்பிடி ஆடும். தார் பெயர்ந்த நம் சாலைகளுக்கு இந்த வண்டி பொருந்தாது என்பது என் கருத்து. விமான நிலையத் தரை மாதிரி இருந்தால் பேசலாம்.

சிங்கப்பூர் இதை வேறு வழியில் கற்றுக்கொண்டது. அங்கே தொடக்கத்தில் நடைபாதையில் ஸ்கூட்டரை அனுமதித்தார்கள். 2019 செப்டம்பரில் சைக்கிளில் போன முதிய பெண்மணி ஒருவர் ஸ்கூட்டர் மோதி இறந்தபிறகு, நவம்பர் 5 முதல் நடைபாதையில் முழுத் தடை வந்தது. சைக்கிள் பாதையில் மட்டும், அதிகபட்சம் மணிக்கு 25 கிலோமீட்டர். பிறகு தீப்பாதுகாப்புச் சான்றில்லாத வண்டிக்குத் தடை. அதன்பிறகு எழுத்துத் தேர்வு. பாரிஸ் 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பே நடத்தியது. வந்து வாக்களித்தவர்கள் மிகக் குறைவு. அவர்களில் நூற்றுக்கு 89 பேர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் கோபத்தில் பெரும்பங்கு, நடைபாதையில் குறுக்கும் நெடுக்கும் கிடந்த வண்டிகள்மேல்.

இந்தக் குறுக்கும் நெடுக்கும் தொல்லை பிறந்ததும் ஒரு வளாகத்தில்தான். 2014இல் பீக்கிங் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஓஃபோ, ஸ்டாண்டே தேவையில்லாத வாடகைச் சைக்கிளை வளாகத்துக்குள் ஓடவிட்டுப் பார்த்தது. வேலிக்குள் அது அழகான ஏற்பாடு. வெளியே நாடு முழுக்கப் பரவியபோது மஞ்சள் சைக்கிள்கள் குப்பைமேடாகக் குவிந்தன. 2018 முடிவில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றவர்கள் ஒரு கோடிக்கு மேல். நிறுத்துமிடத்தைக் கணக்கில் சேர்க்காமல் வண்டியை மட்டும் கணக்குப் போட்டவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதி வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்திருக்கிறது.

இனி நம் ஊர் மின்ஸ்கூட்டர். ஏத்தர் நிறுவனத்தை 2013இல் தொடங்கியவர்கள் சென்னை ஐஐடியில் படித்த இருவர். அந்த வளாகத்தின் தொழில் வளர்ப்பகத்தில்தான் அது வளர்ந்தது. மாணவர் மோட்டார் வண்டி ஓட்டக்கூடாத இடத்தில் கருக்கொண்ட மோட்டார் வண்டி. இந்த வகை வண்டிகள் எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் தொடக்கூடியவை, எடை நூறு கிலோவுக்கு மேல். இவற்றுக்குப் பதிவு, ஓட்டுநர் உரிமம், ஹெல்மெட் எல்லாம் உண்டு. இன்னொரு வகைக்கு நம்பர் பிளேட்டே இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. உரிமம் வேண்டாம், ஹெல்மெட்டும் சட்டப்படி வேண்டாம். கல்லூரி மாணவர்கள் பலரும் பள்ளிப் பிள்ளைகளும் ஓட்டுவது இதைத்தான். அந்த 25 கிலோமீட்டர் பூட்டைக் கழற்றிக் கொடுக்கும் மெக்கானிக்குகள் உண்டு. கழற்றிய நொடியில் அது பதிவில்லாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் காப்பீடும் கிடையாது.

வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. பதினைந்து கிலோ சைக்கிளில் அறுபது கிலோ மாணவர் மணிக்கு 15 கிலோமீட்டரில் வருகிறார். அதே மாணவர் 110 கிலோ மின்ஸ்கூட்டரில் 30 கிலோமீட்டரில் வருகிறார். வேகம் இரண்டு மடங்குதான். மோதினால் வெளிப்படும் ஆற்றல் ஒன்பது மடங்கு. நிற்க வேண்டிய தூரமும் வேகம் கூடும் விகிதத்தைவிட அதிகமாகக் கூடும். 15 கிலோமீட்டரில் போகும்போது திடீரென்று ஒருவர் குறுக்கே வந்தால், மூளை உணர்ந்து கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி, பிறகு வண்டி நிற்க என்று ஏறத்தாழ ஆறேழு மீட்டர் வேண்டும். 25இல் பதின்மூன்று மீட்டர். ஒரு வகுப்பறையின் நீளத்துக்கு மேல். பெட்ரோல் வண்டி வருவது காதில் விழும். மின்வண்டி அப்படி வராது. காதில் இயர்போன் மாட்டி நடப்பவருக்குச் சுத்தமாக வராது. வளாகத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே வேக எல்லை வைப்பது நல்லது, அதைச் சைக்கிளின் வேகத்துக்குப் பக்கத்தில் வைப்பது இன்னும் நல்லது. பலகையில் எழுதிவைத்தால் போதாது. வேகத்தடையை மட்டும் நம்புவதும் தவறு. இரவில் வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடையே சைக்கிள்காரரைத் தூக்கி எறியும். சாலையைக் குறுக்குவதும் வளைப்பதும் டேவிஸ் வட்டம் மாதிரி ஒன்று வைப்பதும் மெதுவாகப் போகச் சொல்லாமலே மெதுவாக்கும். நம் நாட்டில் அந்த வட்டத்தைக் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும் என்பதை மட்டும் அம்புக்குறியால் காட்டிவிட்டால் போதும்.

ஹெல்மெட் விவாதம் முடியாத விவாதம். சைக்கிளுக்கு அது கட்டாயமா என்றால் ஆஸ்திரேலியா ஆம் என்கிறது, நெதர்லாந்தில் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. போடாமலே அவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள், காரணம் அங்கே தனிப்பாதை இருக்கிறது. ஆனால் விழுந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் விடை தெளிவு. நாற்பது ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வந்த மதிப்பீடு, ஹெல்மெட் தலைக்காயத்தைப் பாதியாகவும் கடுமையான தலைக்காயத்தை மூன்றில் இரண்டு பங்கும் குறைப்பதாகச் சொல்கிறது. மின்ஸ்கூட்டருக்கு இந்த விவாதமே தேவையில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். வளாக வேலிக்குள் மோட்டார் வாகனச் சட்டம் எவ்வளவு தூரம் நுழையும் என்பது வக்கீல்கள் வாதாட வேண்டியது. தார்ச்சாலைக்கு வேலி தெரியாது.

துப்பட்டாவைச் சொல்லாமல் விட்டால் நம் ஊர்க் கட்டுரை ஆகாது. சக்கரத்தில் துப்பட்டாவோ முந்தானையோ சுற்றி விழுந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். இருசக்கர மோட்டார் வண்டியின் பின்சக்கரம் குறைந்தது பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்வது இதற்காகத்தான். சாரி கார்டு என்று கடையில் கேட்பது அதையே. சைக்கிளுக்கு அப்படி விதி இல்லை. செயின் கார்டு இல்லாத சைக்கிளை மகளுக்கு வாங்கித் தராதீர்கள்.

இப்போது நிறுத்துமிடம். நம் கல்லூரிகளில் அதிகம் காணப்படும் ஸ்டாண்டு, முன்சக்கரத்தை மட்டும் கவ்வும் கம்பி வரிசை அல்லது சிமெண்டில் வெட்டிய பள்ளம். வண்டியின் மொத்தப் பாரமும் ஒரு சக்கரத்தில் விழுகிறது. யாராவது இடித்தால் ரிம் வளையும், பிறகு பெண்டு எடுக்கக் கடைக்குப் போக வேண்டும். சக்கரத்தை மட்டும் பூட்டினால் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மீதி வண்டியைக் கொண்டுபோகலாம். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் ஸ்டாண்டு என்று ஒன்று உண்டு. தலைகீழாகக் கவிழ்த்த ‘ப’ எழுத்துதான் அது: ஒரே இரும்புக் குழாய், முக்கால் மீட்டர் உயரம், தரையில் ஊன்றியிருக்கும். அடுத்ததற்கும் இதற்கும் ஒரு மீட்டர் இடைவெளி. இருபுறமும் இரண்டு வண்டி சாய்ந்து நிற்கும், சட்டத்தோடு சேர்த்துப் பூட்டலாம், ஒன்று சரிந்தால் அடுத்தது விழாது. ஊர்ப் பட்டறையில் வெல்டிங் தெரிந்த யாரும் ஒரு நாளில் பத்து செய்துவிடுவார். என் கல்லூரி நூலகத்தில் நட்டிருந்தது இதைத்தான்.

பூட்டைப் பற்றிச் சுருக்கமாக. பின்சக்கரத்தில் வரும் வளையப்பூட்டு வண்டியை ஓட்டவிடாது. தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. மெல்லிய வயர் பூட்டைக் கட்டிங் பிளேயர் நறுக்கிவிடும். தடித்த ‘யு’ வடிவப் பூட்டு நல்லது. அதிலும் ஏமாற்றம் உண்டு: 2004இல் பெயர்பெற்ற கிரிப்டோனைட் பூட்டுகள் சிலவற்றைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் குழாயால் திறக்கலாம் என்று தெரியவந்து, நிறுவனம் மாற்றிக்கொடுக்க நேர்ந்தது. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் புகழ்பெற்ற சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன், 2008இல் காலமானவர், ஒரு வழி சொல்லியிருக்கிறார். பின்சட்டம் முக்கோணமாக அமைந்த இடத்துக்குள் வைத்துப் பின்சக்கர ரிம்மையும் ஸ்டாண்டுக் கம்பியையும் சேர்த்துச் சின்னப் பூட்டால் பூட்டினால் போதும். சக்கரத்தை வெட்டாமல் வண்டியை எடுக்க முடியாது. ஆனால் பூட்டைவிடக் காவல் காப்பது ஆள் நடமாட்டம். கேண்டீனுக்குப் பின்னால் திருட்டுப் போவதும் வாசலில் போகாததும் அதனால்தான்.

கட்டடத்துக்குள் நுழையும் சாய்தளத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு கல்லூரிகளில் சாய்தளம் வந்திருக்கிறது. சக்கர நாற்காலிக்காகக் கட்டியது. மின்ஸ்கூட்டரை ஏற்றி வராந்தா நிழலில் வைக்க அது வசதியாக இருக்கிறது. பார்வையற்றவர் காலால் உணர்ந்து நடக்கப் பதித்த புடைப்பு ஓடுகள்மேல் பக்க ஸ்டாண்டு ஊன்றி நிற்கிறது. கைத்தடி மேலே இடிக்காமல் கீழே நுழைந்துவிடும். மோதுவது உடம்பு, கைப்பிடியில். அங்கே வண்டி நிறுத்துபவரைக் கண்டிக்கலாம். நிழலும் வாசல் பக்கமும் வேறெங்கே இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டால் நிர்வாகத்திடம் பதில் இருக்க வேண்டும். மின்வண்டிக்கு இன்னொரு தனித்தொல்லை: சாவியை அணைக்க மறந்தால் சத்தம் வராது. அணைந்திருக்கிறது என்று நினைத்து யாராவது ஆக்சிலேட்டரைத் திருகினால் முழு வலுவோடு பாயும். பக்க ஸ்டாண்டு போட்டால் மோட்டார் நிற்கும் வசதி நல்ல வண்டிகளில் இருக்கிறது. பார்த்து வாங்க வேண்டும்.

சார்ஜ் போடுவதுதான் கடைசிப் பெரிய கேள்வி. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் பதின்மூன்று வயது மகளும் இறந்தார்கள். அவ்வாண்டு இப்படிப் பல தீவிபத்துகள் நடந்த பிறகு, பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 தரவிதிகளை மத்திய அரசு இறுக்கி 2022 டிசம்பரிலிருந்து இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நியூயார்க்கில் 2023இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயால் 18 பேர் இறந்தார்கள். சீனாவின் நான்ஜிங்கில் 2024 பிப்ரவரியில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், மின்சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் பிடித்த தீ 15 உயிர்களைக் கொண்டுபோனது. இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று: வெளியேறும் வழியில் வண்டி கூடாது. மாணவர் விடுதியில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடம் காலியாகத் தெரியும், பக்கத்தில் பிளக் பாயின்ட்டும் இருக்கும். அங்கே மட்டும் கூடாது. லித்தியம் செல் ஒன்று சூடேறினால் அதன் சூடு பக்கத்துச் செல்லைப் பற்ற வைக்கும். சுவரில் தொங்கும் தீயணைப்பான் தீச்சுவாலையை அடக்கினாலும் உள்ளே சூடு குறையாமல் மறுபடி பற்றும். விடுதிக் கட்டடத்திலிருந்து தள்ளி, மேற்கூரையும் காற்றோட்டமும் உள்ள தனிக்கொட்டகை, அதற்கேற்ற ஒயரிங், இரவில் தானாக மின்சாரத்தை நிறுத்தும் கருவி என்று நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். மாணவர் செய்ய வேண்டியது: வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துவது, ஓட்டி வந்த சூட்டோடு சொருகாமல் அரைமணி ஆறவிடுவது, உப்பிய பேட்டரியை அறைக்குள் வைத்துக்கொள்ளாமல் இருப்பது. தனிக்கொட்டகை கட்டித்தராமல் ‘அறையில் சார்ஜ் போடக்கூடாது’ என்று மட்டும் அறிவிப்பு ஒட்டினால் பேட்டரி கட்டிலுக்கு அடியில் போகும். மரத்தைச் சுற்றிச் சங்கிலி கட்டியபோது நாங்கள் படிக்கட்டின் மறுபக்கம் போனோமே, அதே மாதிரி.

படித்து முடித்தவர்கள் விட்டுப்போகும் சைக்கிள்கள் நல்ல இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு துருப்பிடிக்கும். மழை பெய்தால் கிழிந்த டயரில் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். டேவிஸில் இவற்றைப் பிடித்து ஏலம் விடுகிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிற்கும் கொட்டகையில் முதல் இருபத்து நான்கு மணிநேரம் இலவசம், அதற்குமேல் காசு. அதனால் வண்டி அங்கேயே தங்குவதில்லை. நம் கல்லூரியில் மே மாதம் கேட்பாரற்ற வண்டிகளில் சீட்டு ஒட்டி, ஜூனில் எடுக்காதவற்றைப் பழுதுபார்த்து முதலாண்டு மாணவருக்குக் கொடுக்கலாம். அரசு தந்த இலவச சைக்கிளைப் பதினொன்றாம் வகுப்பில் ஓட்டிய பிள்ளைகள் அதை ஊரில் தம்பிக்கோ தங்கைக்கோ விட்டுவிட்டுத்தான் விடுதிக்கு வருகிறார்கள்.

இதைப் படிக்கும் ஆசிரியரோ முதல்வரோ இருந்தால் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை உங்கள் நூலக வாசலில் நின்று, சைக்கிள் ஸ்டாண்டு வரை அடிகளை எண்ணிக்கொண்டு நடந்து பாருங்கள். நூறு அடிக்கு மேல் வந்தால், அடுத்த சுற்றறிக்கை எழுதுவதற்கு முன் வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள்.